சோழவரத்துக்கு வந்த என்ஸைன்

போன மாதம் வீட்டு மாடியில் பழைய டிரங்குப் பெட்டி ஒன்றைக் காலி செய்தபோது பெரியப்பாவின் ஃபோட்டோ கவர் கிடைத்தது. கறுப்பு வெள்ளையில் ஏழெட்டு படங்கள். ஒன்றில் வைக்கோல் கட்டுகள், அதற்குப் பின்னால் தலைகள், தலைகளுக்குப் பின்னால் இன்னும் தலைகள். நடுவில், தரையோடு தரையாக, கொஞ்சம் மங்கலாக ஒரு கார். பின்பக்கம் எதுவுமே எழுதவில்லை. வருஷம் இல்லை, யார் ஓட்டினார் என்று இல்லை. அபிராமபுரத்திலிருந்து சோழவரம் வரைக்கும் ஸ்கூட்டரில் போய், நாள் முழுக்க வெயிலில் நின்று எடுத்த படம். ஒரு வரி எழுதி வைக்க மனுஷனுக்குத் தோன்றவில்லை.

இந்தப் பதிவு அந்தக் குறைக்காகத்தான். ஒரு பந்தயக் கார் யாரிடமிருந்து யாரிடம் போனது, எங்கெங்கே ஓடியது என்பதை ஐரோப்பாவில் ஒரு துறையாகவே வளர்த்து வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பக்கம் வந்து போன கார்களுக்கோ அந்த ஜாதகத்தில் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான்: 'இந்தியா'. அவ்வளவுதான். அந்த ஒற்றை வார்த்தைக்குள் என்ன இருந்தது என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். எடுத்துக்கொள்ளும் கார், 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா சோழவரத்தில் ஓட்டிய என்ஸைன் ஃபார்முலா ஒன்.

முதலில் இடம். சோழவரம் என்றால் இன்றைக்கு நமக்கு ஏரிதான், கோடை வந்தால் பேப்பரில் நீர்மட்டம் போடுவார்களே, அது. ஆனால் அங்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. போர் முடிந்தது, விமானங்கள் போயின, சிமெண்டு மிஞ்சியது. 1953ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. அதன்பின் ஏறக்குறைய மூன்றரை பத்தாண்டுகள் பைக்குகளும் கார்களும் அந்தச் சிமெண்டில்தான் ஓடின. இது மெட்ராஸ்காரன் மட்டும் கண்டுபிடித்த உபாயமில்லை. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் 1943ல் குண்டுவீச்சு விமானங்களுக்காகப் போட்ட தளம், 1948லேயே அங்கே கிராண்ட் பிரி நடந்துவிட்டது. கல்கத்தாக்காரர்களுக்கு பாரக்பூர் விமான தளம். வித்தியாசம் என்னவென்றால் சில்வர்ஸ்டோன் பிறகு முழு நேரப் பந்தயத் தடமாகவே மாறிவிட்டது. சோழவரம் கடைசி வரைக்கும் இரவல் வாங்கிய ஓடுதளம்தான். ரேஸ் வாரம் வந்தால் வைக்கோல் கட்டு, டிரம், கயிறு, மூங்கில் எல்லாம் வரும். முடிந்ததும் எல்லாம் திரும்பிப் போகும். ஓட்டுபவருக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் இருந்தது சில சமயம் அந்தக் கயிறு மட்டுமே. இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

செங்குன்றம் தாண்டி கல்கத்தா டிரங்க் ரோட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் போன கூட்டத்தைப் பற்றிப் பெரியப்பா சொன்னால் திருவிழா மாதிரி இருக்கும். டிஃபன் பாக்ஸில் புளியோதரை, கூஜாவில் தண்ணீர், தலைக்குத் துண்டு. காலையில் ஸ்கூட்டர் ரேஸ், மோட்டார் சைக்கிள் ரேஸ், அப்புறம் சலூன் கார்கள்: ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர். தெருவில் ஓடும் அதே வண்டிகள், ஆனால் தெருவில் போகாத வேகத்தில். "நம்ம டாக்டர் வெச்சிருக்கற அதே ஹெரால்டுடா, ஆனா அது போற போக்கைப் பாக்கணுமே!" என்பார். இந்த வாக்கியத்தில்தான் சோழவரத்தின் ரகசியமே இருக்கிறது என்று எனக்கு இப்போது படுகிறது. ஜனங்களுக்குத் தெரிந்த வண்டி அது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டலூர்ப் பக்கம் செய்த கார். என்ஃபீல்டு திருவொற்றியூரில் செய்த பைக். எம்ஆர்எஃப் டயரும் திருவொற்றியூர்தான். பந்தயம் பார்க்கப் போனவர்களில் பாதிப் பேர் அந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களாகவோ அவர்களுக்குத் தெரிந்தவர்களாகவோ இருந்தால் ஆச்சரியமில்லை.

அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் ஒரு நாள் என்ஸைன் வந்து இறங்கியது.

என்ஸைனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் மோ நன் என்பவரிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். இங்கிலாந்தில் வால்சால் என்ற ஊர்க்காரர். தானே பந்தயம் ஓட்டி, பிறகு ஓட்டுவதை விட்டுவிட்டு, வீட்டுப் பக்கத்து ஷெட்டில் ஃபார்முலா த்ரீ கார் கட்ட ஆரம்பித்தவர். வருஷம் 1971. பெரிய கம்பெனி எதுவும் இல்லை, கை நிறையக் காசும் இல்லை. நல்ல கை மட்டும் இருந்தது. அந்தக் காரை வாங்கி ஓட்டியவர்களில் ஒருவர் ரிக்கி ஃபான் ஓப்பல். ஆமாம், அதே ஓப்பல் கார் குடும்பத்து வாரிசு. லிக்டன்ஸ்டைன் நாட்டுக் கொடியில் ஓட்டியவர். அவர் நன்னிடம் போய், எனக்கு ஒரு ஃபார்முலா ஒன் கார் கட்டிக்கொடு என்று கேட்டார். காசு அவருடையது. அப்படித்தான் 1973ல் பிரெஞ்சு கிராண்ட் பிரியில் என்ஸைன் முதல் தடவையாக ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்தது. ஃபான் ஓப்பல் அடுத்த வருஷமே ஃபார்முலா ஒன்னை விட்டுவிட்டார். பிற்காலத்தில் தாய்லாந்தில் பௌத்தத் துறவியாகிவிட்டார். (ஒரு நாவலாசிரியர் எழுதினால் நம்ப மாட்டோம்.)

ஆக, என்ஸைன் பிறந்ததே ஒரு பணக்கார வீட்டுப் பையனின் பையிலிருந்துதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வந்த பணம் ஹாங்காங், மக்காவ் பக்கத்து வியாபாரி டெடி யிப்புடையது. அதன்பின் 1975ல் ஹாலந்தின் எச்பி பெவாகிங் என்ற காவல் கம்பெனி. அவர்களுக்கும் நன்னுக்கும் சண்டை வந்தது. கார் யாருக்குச் சொந்தம்? கட்டியவனுக்கா, கட்டக் காசு கொடுத்தவனுக்கா? முடிவில் 1975 மாடல் காரை ஸ்பான்ஸர் கொண்டுபோய்விட்டார்கள். அடுத்த வருஷம் அதே கார் 'போரோ' என்ற புதுப்பெயரோடு கிராண்ட் பிரிக்கு வந்து நின்றது. லாரி பெர்க்கின்ஸ் பெல்ஜியத்தில் அதை எட்டாவது இடத்துக்கு ஓட்டினார். நன் பாவம், அதே பந்தயக் களத்தில் தன் பழைய காரைப் புது எதிரியாகப் பார்த்தார். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, இன்ஷியல் மாறிப்போச்சே என்று கல்யாண மண்டபத்தில் நிற்கும் அப்பா நிலைமை.

அதற்கடுத்து வந்ததுதான் என்177. 1977ல் என்ஸைன் கொண்டுவந்த கார். என்ஸைன் செய்தவற்றில் இதைத்தான் உழைப்பாளி என்று சொல்வேன். கிளே ரெகாஸோனி அதில் அர்ஜென்டினாவில் ஆறாவது, மான்ஸாவில் ஐந்தாவது, வாட்கின்ஸ் கிளென்னில் ஐந்தாவது. டெடி யிப் தனியாக ஒரு என்177 வாங்கி பாட்ரிக் தாம்பேயை உட்கார வைத்தார். அவர் ஜெர்மனியில் ஆறு, ஹாலந்தில் ஐந்து, கனடாவில் ஐந்து. இரண்டு பேரும் ஆளுக்கு 5 புள்ளி. ஷெட்டிலிருந்து வந்த ஒருவனின் கார் அந்த வருஷம் 10 புள்ளி எடுத்தது சாதாரண விஷயமில்லை. அடுத்த வருஷம், 1978ல், ஜெர்மன் கிராண்ட் பிரியில் ஒரு பிரேசில் பையனுக்கு அதே மாடலில் ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். இன்ஜின் பாதியில் போய்விட்டது. பையன் பெயர் நெல்சன் பிக்கே. பிறகு மூன்று முறை உலக சாம்பியன்.

ஆனால் அதே நேரத்தில் லோட்டஸ்காரர்கள் காரின் அடிவயிற்றையே இறக்கையாக்கி, காற்றை வைத்துக் காரைத் தரையோடு அமுக்கும் வித்தையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 1978ல் லோட்டஸ் 79 வந்ததும் மற்ற எல்லாக் கார்களும் ஒரே சீஸனில் கிழடாகிவிட்டன. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய பொருளாதாரம் இருக்கிறது. காலாவதியான ஃபார்முலா ஒன் காரை என்ன செய்வது? ரோட்டில் ஓட்ட முடியாது. அன்றைக்குக் கண்காட்சியில் வைக்கவும் யாருக்கும் அவசரமில்லை. இங்கிலாந்தில் 1978 முதல் அரோரா என்ற உள்நாட்டுப் பந்தயத் தொடர் நடந்தது. பழைய ஃபார்முலா ஒன் கார்கள் அங்கே இரண்டாம் வாழ்க்கை வாழ்ந்தன. சில மலையேற்றப் பந்தயத்துக்குப் போயின. சில கப்பலேறி தூர தேசம் போயின. வரலாற்றுப் பந்தயம் என்று ஒன்று வளர்ந்து, இந்தக் கார்களுக்குக் கோடிக்கணக்கில் விலை ஏறியது பின்னால்தான். 1980 வாக்கில் அவை செகண்ட் ஹேண்ட் சாமான். ஆசையும் காசும் உள்ள ஓர் இளைஞன் வாங்கக்கூடிய சாமான்.

விஜய் மல்லையா 1955 டிசம்பரில் பிறந்தவர். சோழவரத்தில் என்ஸைன் ஓட்டியபோது இருபதுகளில் இருந்தார். அப்பா விட்டல் மல்லையா 1983ல் காலமானதும் 28 வயதுக்குள் கம்பெனி முழுவதும் கைக்கு வந்தது. அதற்குச் சற்று முன்பின் காலம் இது.

இப்போது அந்த ஓடுதளத்தில் என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அம்பாசடர் இன்ஜின் 1489 சிசி, ஏறக்குறைய 50 குதிரைத்திறன். பத்மினி 1089 சிசி, அதற்கும் கம்மி. ஹெரால்டு 948 சிசியில் ஆரம்பித்தது. எவ்வளவுதான் முறுக்கினாலும் இரண்டு மடங்குக்கு மேல் எடுப்பது பெரும்பாடு. என்ஸைனின் முதுகில் இருந்தது காஸ்வொர்த் டிஎஃப்வி: 3 லிட்டர், எட்டு சிலிண்டர், 450க்கு மேல் குதிரைத்திறன். 1967ல் ஜிம் கிளார்க் ஹாலந்தில் முதல் ஓட்டத்திலேயே ஜெயித்த இன்ஜின் வம்சம், மொத்தம் 155 கிராண்ட் பிரி வெற்றி. இதைத் தூக்கிக்கொண்டு ஓடும் கார் சுமார் 600 கிலோ. அம்பாசடர் அதைப்போல் இரு மடங்கு எடை.

இது போட்டியா? நேர்மையாகச் சொன்னால் இல்லை. காளை வண்டிப் பந்தயத்தில் யானையைக் கொண்டுவந்து நிறுத்துவது மாதிரி. பெரியப்பாவிடம் கேட்டபோது அவருக்கு அதில் வருத்தமே இல்லை. "அதெல்லாம் ஜெயிக்கறதுக்கா பாத்தோம்? அந்தச் சத்தம் இருக்கே... காதுல கேக்கல, நெஞ்சுல கேட்டுது" என்றார். சரிதான். டெலிவிஷனே சரியாக வராத ஊரில், ஃபார்முலா ஒன் என்பது ஹிக்கின்பாதம்ஸில் நின்றுகொண்டே புரட்டும் வெளிநாட்டுப் பத்திரிகையின் நடுப்பக்கம் மட்டுமே. அது ஒரு நாள் உயிரோடு வந்து, ஏரிக்கரைப் பக்கம், புளியோதரை வாசனைக்கு நடுவில் கத்திவிட்டுப் போனது. அன்றைக்கு அங்கே நின்ற ஒரு பையன் மெக்கானிக் ஆகியிருந்தால், அவன் கதை எந்தக் காரின் வரலாற்றுப் பட்டியலிலும் வராது.

எனக்கு உறுத்துவது வேறு. மோ நன் வால்சாலில் ஷெட்டில் வேலை பார்த்தவர். மெட்ராஸிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் அதே மாதிரி ஷெட்டுகள் இருந்தன. கை சுத்தத்தில் நம்மவர்கள் குறைந்தவர்களில்லை. ஹெரால்டு சேஸிஸை வெட்டி, ஃபியட் இன்ஜினைத் திருப்பி வைத்து, தகரத்தை அடித்து உடம்பு செய்து, 'ஸ்பெஷல்' என்று பெயர் வைத்து ஓட்டினார்கள். பிறகு ஏன் வால்சால் ஷெட் ஃபார்முலா ஒன்னுக்குப் போனது, நம் ஷெட் சோழவரத்தோடு நின்றது?

விடை இன்ஜினில் இருக்கிறது. அங்கே காஸ்வொர்த் என்ற கடையில் காசு கொடுத்தால் உலக சாம்பியன் வைத்திருக்கும் அதே இன்ஜின் கிடைத்தது. ஹியூலேண்டு கடையில் கியர் பாக்ஸ். குட்இயர் டயர். நன் செய்ய வேண்டியது நடுவில் அலுமினியத் தொட்டியும் சஸ்பென்ஷனும்தான். எழுபதுகளில் பெராரியைத் தவிர்த்து முக்கால்வாசி டீம்கள் இப்படித்தான் ஓடின. சந்தை அவருக்கு வேண்டியதைக் கொடுத்தது, மூளையை மட்டும் அவர் கொண்டுவந்தார். இங்கே? லைசென்ஸ் ராஜ்யம். ஒரு ஸ்கூட்டருக்கே வருஷக்கணக்கில் வரிசை. வெளிநாட்டுக் கார் வேண்டுமென்றால் தூதரகக்காரர்கள் விட்டுப்போன பழைய காரை அரசு வணிகக் கழக ஏலத்தில் எடுக்க வேண்டும். ஒரு நல்ல கார்புரேட்டருக்காக, கப்பலில் வேலை பார்க்கும் மச்சினனிடம் சொல்லி வைத்துக் காத்திருந்த தலைமுறை அது. அந்த நிலையில் ஒருவன் முழு ஃபார்முலா ஒன் காரையே இறக்குகிறான் என்றால், அவன் வாங்கியது காரை மட்டுமில்லை. மற்றவர்களுக்கு மூடியிருந்த கதவின் சாவியையும். இதை மல்லையாவின் மீது குற்றமாகச் சொல்லவில்லை. கிடைத்தால் நானும்தான் ஓட்டியிருப்பேன். ரிக்கி ஃபான் ஓப்பல் செய்ததும் அதுதானே. ஆனால் ஃபான் ஓப்பலின் காசு ஒரு ஷெட்டைக் கம்பெனியாக்கியது. சோழவரத்துக்கு வந்த காசு, வால்சால்காரன் செய்து முடித்த பொருளை வாங்கியது. அந்த வித்தியாசம் பெரியது.

இந்தக் கதவை வேறு பக்கமாகத் திறந்தவர் கோயம்புத்தூர் எஸ். கரிவர்தன். இவரும் ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளைதான், சோழவரத்தில் ஓட்டியவர்தான். ஆனால் 1983ல் மாருதி 800 வந்ததும் அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. 796 சிசி, மூன்று சிலிண்டர், சின்ன இன்ஜின். ஆனால் ஒரே மாதிரியாக, எவ்வளவு வேண்டுமானாலும் கடையில் கிடைக்கும். நன்னுக்கு டிஎஃப்வி எப்படியோ அப்படி நமக்கு இது. எண்பதுகளின் கடைசியில் அதை முதுகில் வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். எல்லோருக்கும் ஒரே கார், ஒரே இன்ஜின். ஃபார்முலா மாருதி என்று ஒரு வகுப்பே பிறந்தது. 1990ல் பந்தயம் சோழவரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தத் தடத்துக்குப் போனது. 1992ல் அங்கே ஃபார்முலா மாருதியில் முதல் பந்தயம் ஓட்டிய கோயம்புத்தூர்ப் பையன்தான் நரேன் கார்த்திகேயன். 2005ல் ஜோர்டான் டீமில் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர். கரிவர்தன் அதைப் பார்க்க இல்லை. 1995ல் சிறு விமான விபத்தில் போய்விட்டார்.

கதை சுற்றி வருகிற விதத்தைப் பாருங்கள். நரேன் ஓட்டிய அந்த ஜோர்டான் டீம் கைமாறி மிட்லண்டு ஆனது, அப்புறம் ஸ்பைக்கர் ஆனது. 2007ல் அதை ஒரு ஹாலந்துப் பங்காளியோடு சேர்ந்து வாங்கியவர் விஜய் மல்லையா. ஃபோர்ஸ் இந்தியா என்று பெயர் வைத்தார். 2009ல் பெல்ஜியத்தில் ஃபிசிகெல்லா முதலிடத்திலிருந்து கிளம்பி இரண்டாவதாக வந்தார். 2016ல் மல்லையா நாட்டை விட்டுப் போனார். 2018ல் டீம் திவாலாகி மறுபடி கைமாறி, இன்று ஆஸ்டன் மார்ட்டின் என்ற பெயரில் ஓடுகிறது. அந்த டீமின் முதல் முகவரி இன்னொரு வேடிக்கை: சில்வர்ஸ்டோன் வாசல். அதாவது, இன்னொரு பழைய விமான தளம்.

பழைய பந்தயக் கார்களை வாங்குபவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. இன்ஜின் பத்து தடவை மாறியிருக்கும், மூக்கு உடைந்து புதிதாகப் போட்டிருப்பார்கள், விபத்தில் பாதி உடம்பே போயிருக்கும். 1976ல் வாட்கின்ஸ் கிளென்னில் ஜாக்கி இக்ஸின் என்ஸைன் மோதி இரண்டாகவே பிளந்தது. பிறகு எது 'அதே கார்'? மயிலாப்பூர்க்காரர்களுக்கு இதில் குழப்பம் இருக்கக்கூடாது. பல கோயில் தேர்களுக்கு மரச்சக்கரத்தைக் கழற்றிவிட்டுத் திருச்சி பெல் செய்த இரும்புச் சக்கரம் பூட்டியிருக்கிறார்கள், சட்டம் மாற்றியிருக்கிறார்கள். யாரும் அது வேறு தேர் என்று சொல்வதில்லை. ஓடும் வீதியும் இழுக்கும் ஜனமும் அதே என்றால் தேரும் அதே. ஐரோப்பிய வரலாற்றாளர்களோ தகட்டில் குத்திய எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். என்ஸைன்களுக்கு மோ நன்னின் இன்ஷியலான எம்என் என்று ஆரம்பிக்கும் எண். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் ஓட்டியவர், வாங்கியவர், விற்றவர் எல்லாம் வரிசையாக வரும்.

நம் ஊர் ஸ்பெஷல்களுக்கு அப்படி ஒரு தகடு கிடையாது. எங்கள் தெருக்கோடியில் ஒரு மாமா வீட்டு ஷெட்டில் ஹெரால்டு ஒன்று தார்ப்பாய்க்குள் இருந்தது, மேற்கூரை அறுத்து, பக்கத்தில் எண் எழுதிய வட்டத்தோடு. சோழவரத்தில் ஓடிய வண்டி. சின்ன வயதில் அதற்குள் உட்கார்ந்து வாயாலேயே கியர் போட்டிருக்கிறேன். 1990களில் அந்த வீட்டை இடித்து ஃபிளாட் கட்டியபோது காயலான் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொண்டு போனார். என்ஸைனுக்கு வரலாறு எழுத ஆள் இருக்கிறது. இந்த ஹெரால்டின் வரலாறு எழுத வேண்டுமென்றால் என்னிடம் மங்கலான ஒரு ஃபோட்டோவும், வாயால் போட்ட கியரும்தான் பாக்கி.

பெரியப்பாவின் ஃபோட்டோவில் இருப்பது என்ஸைனா என்று கேட்பீர்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பெரிய பின் டயர் தெரிகிறது, பின் இறக்கை மாதிரி ஒன்று தெரிகிறது, மீதியெல்லாம் புழுதி. உங்கள் வீட்டுப் பரணிலும் சோழவரப் படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். எடுத்தவர் உயிரோடு இருந்தால் வருஷத்தையும் வண்டியையும் கேட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.